கரடிக்கு முந்திய பின்னேரம்

இந்தச் சவர்க்காரத்துக்கு மணம் என்று ஒன்று இல்லவே இல்லை. உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கிறேன், வெறும் தண்ணீரை மணந்த மாதிரி இருக்கிறது. இரண்டு தரம் தலைக்குப் போட்டாயிற்று, மூன்றாம் தரமும் போடச் சொன்னாள் டெனிஸ். நேற்று மத்தியானம் நான் சட்பரியிலிருந்து வந்து காரை விட்டு இறங்கியதும் கட்டிப்பிடித்தவள், விலகாமல் அப்படியே என் உச்சியில் மூக்கை வைத்து, "மலா, இதென்ன எண்ணெய்?" என்று கேட்டாள். தவமலர் என்ற பெயரில் அவளுக்கு வாயில் நிற்பது அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய், சின்ன வயதிலிருந்து வைக்கிறேன் என்றேன். "நல்ல வாசம். கரடிக்கும் பிடிக்கும். ஆனா அது காட்டுக்கு அந்தப் பக்கமே நிண்டு மணந்துபோட்டுத் திரும்பிப் போயிடும்." டெனிஸ் ஆங்கிலத்தில் சொல்வதெல்லாம் எனக்குள் கரவெட்டித் தமிழாகத்தான் விழுகிறது, அதை நான் மாற்றப்போவதில்லை. இருபத்தெட்டு வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று வார்டில் தாதியாக இருந்தவள். என் மகள் ஆரபி பிறந்தபோது பதினோரு மணி நேரம் என் முதுகைத் தேய்த்துவிட்டவள். வலியில் நான் அவளை 'எடியே' என்று கூப்பிட்டேனாம், அர்த்தம் கேட்டு வைத்துக்கொண்டு இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஓய்வு எடுத்த பிறகு தம்பி ரெயாலோடு சேர்ந்து இந்த மரவீட்டிலிருந்து வேட்டைக்கு வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறாள். தண்ணீர் சில்லென்று விழுகிறது. கரடிக்கு நாயை விடப் பல மடங்கு மோப்பமாம். அப்படியானால் அதற்கு நான் யார்? முகம் தெரியாது, பெயர் தெரியாது. தேங்காய் எண்ணெய், கறித்தூள், ஆஸ்பத்திரியில் கைக்குப் போடும் மருந்து. இதையெல்லாம் கழுவி எடுத்த பிறகு மிச்சம் நிற்கும் ஒரு மணம் என்னிடம் இருக்கும்தானே, அதை அது கண்டுபிடிக்குமா, அது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு கட்டிலில் இருக்கிறேன். சுவர் மணிக்கூட்டில் இரண்டேகால். மூன்றரைக்குப் புறப்பட்டு, நாலரைக்குள் மரத்துப் பரணில் ஏறிவிட வேண்டும், ஆறு மணிக்குப் பிறகு கரடி வரும். வந்தால் வரும். எப்படி இதற்குள் வந்தேன் என்று இப்போது யோசித்தால் முதலில் ஞாபகம் வருவது பல் டொக்டரின் காத்திருக்கும் அறை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அங்கே கிடந்த ஒரு பழைய சஞ்சிகையில் கறுப்புக் கரடியின் குளிர்கால உறக்கத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். கரடி உறங்கும்போது அதன் இதயம் நிமிஷத்துக்கு எட்டோ பத்தோ தரம்தான் அடிக்குமாம். சில நேரம் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருபது விநாடி. பல் டொக்டர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை, நான் விநாடி எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தொரு வருஷமாக மனிதரின் இதயத்தைத் திரையில் பார்ப்பதுதான் என் வேலை. நெஞ்சில் பசை தடவி, கருவியை வைத்து, சாம்பல் நிறத்தில் துடிக்கிறதைப் படம் எடுப்பது. என் மேசையில் இருபது விநாடி அடிக்காமல் ஒரு இதயம் கிடந்தால் நான் சிவப்புப் பொத்தானை அமத்தியிருப்பேன், ஆறு பேர் ஓடி வந்திருப்பார்கள். கரடியோ அந்த இருபதுக்குப் பிறகு ஒன்று அடித்து, மூச்சு விட்டு, திரும்பவும் உறங்குகிறது. எழுந்து வசந்தத்தில் புல்லுத் தின்கிறது. இருபது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் பதுங்குகுழிக்குள் அண்ணா எண்ணுவான். தூரத்தில் ஷெல் கிளம்புகிற சத்தம் 'டும்' என்று கேட்டதும் ஒன்று, இரண்டு என்று தொடங்குவான், அம்மா என் தலையைத் தன் மடிக்குள் அழுத்துவா. பதினெட்டு, பத்தொன்பதில் எங்கேயோ விழும். விழுந்த சத்தம் கேட்டால் எங்களுக்கு இல்லை. அந்தப் பத்தொன்பதுக்குள் என் இதயம் எத்தனை தரம் அடித்தது என்று அப்போது எண்ணத் தோன்றவில்லை, ஐம்பது இருக்கும், அறுபதும் இருக்கும். கரடிக்கு அந்த நேரம் முழுக்க ஒன்றுகூட இல்லை. அந்த இதயத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்தது போகவில்லை. டெனிஸிடம் கதைவாக்கில் சொன்னபோது, "அதுக்கு நீ கரடியைச் சுட வேணும். சுட்டால் நீதான் அதை வெட்டி எடுக்கவும் வேணும், நான் பக்கத்திலை நிப்பன், கை வைக்க மாட்டன்," என்றாள். துவக்குக்கு ஒரு வகுப்பு, வேட்டைக்கு ஒரு வகுப்பு, இரண்டு சோதனை, அனுமதி அட்டை வர ஐந்து மாதம். எதிலும் நான் பின்வாங்கவில்லை, பின்வாங்குவேன் என்று ஒவ்வொரு முறையும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவருக்கு இது விளங்கவில்லை. என் கணவர் இரகுநாதன் கெட்டவரில்லை, சுரங்கத்தில் மின்சார வேலை, எதையும் தொட முன்பு இரண்டு தரம் சோதித்துப் பார்க்கிற மனிதர். "கரடி உமக்கு என்ன செய்தது?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். "பிறகேன் போறீர்?" இதயம் பார்க்க என்று சொன்னால் விசர் என்பார், சொன்னேன், விசர் என்றார். ஒட்டாவாவில் படிக்கிற ஆரபி அதைவிட மோசம், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவள், "அம்மா, ஆராய்ச்சிக்காரர் எடுத்த படம் கிடக்கு, அதைப் பாக்கலாம்தானே," என்று ஒரு இணைப்பை அனுப்பினாள். பார்த்தேன். நல்ல படம்தான். திரையில் சாம்பல் நிறத்தில் இன்னொரு இதயம். அவளுக்கு எப்படிச் சொல்வது, திரை எனக்கு அலுத்துவிட்டது என்று? மேசையில் கிடக்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "எல்லாம் சரிதானே?" சரியில்லை என்பது எனக்குத் தெரியும், இதயத்தின் கதவு சரியாக மூடவில்லை, சுவர் துடிக்கவில்லை, இந்த மனிதர் தை மாதத்தைப் பார்க்க மாட்டார், எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். நான் சொல்ல வேண்டியது, "டொக்டர் பார்த்துச் சொல்லுவார்." அதுதான் விதி. நல்ல விதி, நான் டொக்டர் இல்லை. முகத்தில் ஒன்றும் தெரியாமல் இருக்க நான் பழகிய பழக்கத்தில் இப்போது வீட்டிலும் என் முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை என்று இவர் சொல்கிறார். சுடுவதில் அந்த விதி இல்லை. பரணில் என் பக்கத்தில் ஒரு டொக்டரும் இருக்கமாட்டார். பார்க்கிறதும் நான், முடிவெடுக்கிறதும் நான். பெண் கரடி குட்டியோடு வந்தால் சுடக்கூடாது, குட்டி பின்னாலே மெல்ல வரும், அதனால் பொறுத்துப் பார்க்க வேண்டும். காது பெரிதாகத் தெரிந்தால் கரடி சின்னது, காது சின்னதாகத் தெரிந்தால் கரடி பெரியது. அது பக்கவாட்டில் நின்று, என் பக்கத்து முன்னங்கால் முன்னால் போகும்வரை காத்திருக்க வேண்டும். இதெல்லாம் நேற்று டெனிஸ் ஒரு அட்டைப் பெட்டியில் கரியால் கரடி கீறிக் காட்டியது. "இஞ்சை," என்று விரலை வைத்தாள். நான் அந்த விரலைப் பிடித்து ஒரு அங்குலம் கீழே நகர்த்தினேன். "ஓ, மறந்துபோனன், இது உன்ரை தொழில்," என்று சிரித்தாள். சிரிப்பு முடிய ஒரு சின்ன இருமல் வந்தது. அதை நான் ஏன் இப்போது நினைக்கிறேன்.

இன்று ஒரு மணிக்குச் சுட்டுப் பழகினோம். வீட்டுக்குப் பின்னால் மணல் மேடு, அதில் ஒரு கடதாசித் தட்டு, நூறு யார் தூரம் என்றாள் டெனிஸ். துவக்கு நான் நினைத்ததைவிடக் குளிர்ந்து கிடந்தது. ஊரில் துவக்கு என்றால் யாரோ ஒருவருடைய தோளில் தொங்குவது, அது வருகிற திசையைப் பார்த்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவது. நான் அதன் பின்பக்கத்திலிருந்து பார்ப்பேன் என்று பதின்மூன்று வயதில் யாராவது சொல்லியிருந்தால் அண்ணா விழுந்து விழுந்து சிரித்திருப்பான். குறிக்கண்ணாடிக்குள் தட்டு வட்டமாக, அருகில், அசையாமல் இருந்தது. எனக்கு அந்த அமைதி தெரிந்தது, கருவியை விலா எலும்புகளின் நடுவில் சரியான இடத்தில் வைத்ததும் வருகிற அதே அமைதி. மூச்சை விட்டேன். தோளில் உதைத்தது, காது மூடியையும் மீறி நெஞ்சுக்குள் சத்தம் கேட்டது. பயம் வரும் என்று காத்திருந்தேன், வந்தது என்னவோ, எங்கே பட்டது என்று பார்க்கிற அவசரம். மூன்று வெடி, மூன்றும் ஒரு உள்ளங்கைக்குள். "மூண்டும் ஒரு இடத்திலை," என்றாள் டெனிஸ் தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "உன்ரை கை நடுங்கேல்லை, மலா." பிறகு குனிந்து வெறும் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கினாள். மூன்றே மூன்று கூடு. நிமிர்ந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாயைத் திறந்து, மேட்டைப் பார்க்கிற மாதிரி. மேட்டில் ஒன்றும் இல்லை. ஏழு மூச்சு எண்ணினேன், எட்டாவதோடு அவள் கதைக்கத் தொடங்கினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு அறுபத்து மூன்று வயது, பத்து வருஷத்துக்கு முன்புவரை சிகரெட் பிடித்தவள், கொஞ்சம் உடம்பும் வைத்திருக்கிறாள், அப்படியான ஆட்களுக்கு மூச்சு வாங்கும். வாங்கும்தானே.

நேற்றுப் பின்னேரம் பரண் பார்க்கப் போன நடையும் அப்படித்தான். வாகனம் நிறுத்திய இடத்திலிருந்து அறுநூறு மீற்றர், மெல்லிய ஏற்றம், முகத்துக்கு முன்னால் கறுப்பு ஈக்கள். டெனிஸ் நாலு இடத்தில் நின்றாள். முதல் தரம் ஒரு மரத்தின் வெள்ளைப் பட்டையில் கரடிக் குட்டி ஏறிய நகக் கீறல்களைக் காட்டினாள், பழைய கீறல், மரத்தோடு சேர்ந்து தடித்துக் கறுத்துப்போயிருந்தது. நான் அதில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன், ஐந்தும் பொருந்தின. இரண்டாம் தரம் எச்சம், புல்லும் எறும்பும் கலந்தது. குச்சியால் கிளறி, "ரெண்டு நாள்," என்றாள். மூன்றாம் தரம் ஒரு பூ. நாலாம் தரம் காட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை, மரத்தில் சாய்ந்துகொண்டு, "கேள், காட்டைக் கேள்," என்றாள். நான் கேட்டது அவளுடைய மூச்சை. நல்ல வழிகாட்டி இப்படித்தான் நின்று நின்று போவாள், புதிதாக வந்த ஆளைக் களைக்க விடமாட்டாள் என்று எனக்கு நானே சொன்னேன், நான் களைக்கவே இல்லை. பரணுக்குக் கீழே இருபது யார் தூரத்தில் இரைப் பீப்பா, உள்ளே பழைய டோனட்டும் ஓட்ஸும் சீனிப்பாகும், சுற்றி மண் முழுக்க உள்ளங்கால் தடங்கள், ஒன்று சரியாக ஒரு வயதுவந்த ஆணின் வெறுங்கால் மாதிரி, பெருவிரல் மட்டும் மற்றப் பக்கம் மாறி. அதைப் பார்த்ததும் டெனிஸின் மூச்சை நான் மறந்துபோனேன். உண்மையில் மறந்தேனா, இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வைத்தேனா? காலையில் தேநீர் போட எழுந்து வந்தபோது அவளுடைய சாய்கதிரையில் மூன்று தலையணையும் கம்பளியும் கிடந்தன. "கிழட்டு நாய் என்ரை கட்டிலைப் பிடிச்சிட்டுது," என்றாள். அவளுடைய அறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு நாய்மயிர் இல்லை. நாய் அடுப்படியில் படுத்திருந்தது. நான் தேநீருக்குச் சீனி போட்டேன்.

தொலைபேசி. குசினிச் சுவரில் தொங்குகிற பழைய தொலைபேசி, இங்கே கையடக்கத்துக்கு அலை வராது. இவர்தான். "இஞ்சேரும், சாப்பிட்டாச்சோ?" சாப்பிட்டேன். "இப்பவும் நேரம் இருக்கு, வெளிக்கிட்டு வாரும், ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்." இல்லையப்பா, வரமாட்டேன். அவர் பக்கத்தில் தொலைக்காட்சியில் யாரோ சமைக்கிறார்கள். "டெனிஸ் எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டார், வெறும் மரியாதைக்கு, தொலைபேசியை வைக்கிறதுக்கு முன்னால் கேட்கிற கேள்வி. நல்லா இருக்கிறா என்று வாய் திறந்தேன். யன்னலுக்கு வெளியே டெனிஸ் பிக்கப்பின் பின்பக்கத்தில் என் துவக்குப் பெட்டியை ஏற்றுகிறாள், முழங்கால் உயரம்தான், பாதியில் பெட்டியைத் திரும்ப நிலத்தில் வைக்கிறாள், சுற்றிப் பார்க்கிறாள், யாரும் பார்க்கவில்லை என்று கண்ட பிறகு வாகனத்தின் விளிம்பில் நெற்றியை வைத்து நிற்கிறாள். கழுத்து என் பக்கம் திரும்பியபடி. அந்தத் தூரத்திலிருந்து கழுத்து நரம்பு தெரியாது. ஆனால் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் தெரிந்தது, காதுக்குக் கீழே வரை நிமிர்ந்து, கயிறு மாதிரி, அதை நான் பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டே பார்த்தேன். "தவம், கேக்குதே?" என்றார் இவர். கேட்குது. நான் பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் என் மேசையில் கிடக்கவில்லை. அவளுடைய நெஞ்சில் நான் கருவி வைக்கவில்லை. யாருடைய அனுமதியில் பார்த்தேன்? கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் இப்படித்தான், கழுத்துகளையும் கணுக்கால்களையும் பார்க்கிறேன், பார்த்துவிட்டு இறங்கிப் போகிறேன். இன்னும் நாலு மணித்தியாலம்தானே, கரடி வந்தாலும் வராவிட்டாலும் இருட்ட முன் திரும்பி வந்துவிடுவோம், நாளைக்குக் காலையில் ஆறுதலாகச் சொல்லலாம், அவள் தாதி, அவளுக்குத் தெரியாததா. ஆனால் இன்றைக்கும் அந்த அறுநூறு மீற்றர் ஏற்றம் இருக்கிறது. கரடி விழுந்தால் அதை இழுத்து வர வேண்டும், ரெயால் வந்தாலும் அவளும் கயிறு பிடிப்பாள், பிடிக்காமல் இருக்க அவளால் முடியாது.

உடுப்பை மாற்றுகிறேன். மணம் இல்லாமல் தோய்த்து, தேவதாரு இலையோடு பையில் கட்டி வைத்த உடுப்பு. வெளியே வந்தால் டெனிஸ் படியில் இருந்து சப்பாத்துக் கட்டுகிறாள், கட்டுகிறாள் என்றில்லை, நாடாவை அடிக்கண்ணிலிருந்து முழுக்கத் தளர்த்தி காலைத் திணிக்கப் பார்க்கிறாள். "மழையிலை நனைஞ்சு சுருங்கிப்போச்சு," என்கிறாள். இந்தக் கிழமை மழை பெய்யவில்லை. எனக்கு அந்தப் பரண் தெரிகிறது, ஆறு மணி வெயில் மரங்களுக்குள் சரிந்து வருவது, பீப்பாவுக்குப் பின்னால் கறுப்பாக ஒன்று சத்தமே இல்லாமல் நிற்பது, அது தலையைத் தூக்கி என்னை மணப்பது. எல்லாம் மிகவும் கிட்ட இருக்கிறது. டெனிஸுக்குப் பக்கத்தில் படியில் இருக்கிறேன். "டெனிஸ், எத்தினை தலையணை வைச்சுப் படுக்கிறாய்?" அவள் நாடாவை விடவில்லை. அந்தக் கேள்வியை எந்தத் தாதியும் ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பாள், இதயம் களைத்தவர்களுக்குத் தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டும் என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. "மூண்டு," என்கிறாள். "மாசியிலை ரெண்டு." காலைக் காட்டு என்கிறேன். "வேட்டைக்கு நேரமாச்சு, மலா." காட்டு. சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உருட்டுகிறாள். காலுறையின் விளிம்பு காலைச் சுற்றி ஒரு பள்ளமாகப் பதிந்து கிடக்கிறது. நான் பெருவிரலைக் கணுக்காலுக்கு மேலே வைத்து அழுத்தி, ஐந்து எண்ணி, எடுக்கிறேன். குழி நிற்கிறது, நீர் தேங்கிய கால். என் விரலின் அளவில், சரியாக, உள்ளே வெளிறிப்போய். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம், அது எப்போது நிரம்பும் என்று, குளத்தில் எதையோ போட்டுவிட்டுப் பார்க்கிற பிள்ளைகள் மாதிரி. நிரம்பவில்லை. "மற்றக் கால்?" என்கிறேன். "அதுவும்தான்," என்கிறாள், "பாக்கத் தேவையில்லை."

பிறகு சண்டை. சீசன் முடிய இன்னும் மூன்று கிழமை, ஏழு பேரை வரச் சொல்லியிருக்கிறது, ரெயாலால் தனிய முடியாது, நீ இதுக்காக ஒன்றரை வருஷம் காத்திருந்தாய், முதல் கரடிப் பின்னேரம், இதை நான் உனக்குக் கெடுக்கமாட்டன் என்றாள். நான் துவக்குப் பெட்டியை வாகனத்திலிருந்து இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோய் அலமாரியில் பூட்டினேன். தோட்டாப் பெட்டியை வேறு பூட்டில் வைத்தேன், வகுப்பில் படித்தபடி. அவள் படியிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள், கத்துவதற்கும் மூச்சுப் போதாமல் நடுவில் நின்று. "நீ டொக்டரில்லை." நான் டொக்டரில்லை. "உன்னைச் சொல்லச் சொன்னது ஆர்?" ஒருவரும் இல்லை. ரெயாலுக்குத் தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னேன், நாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அம்புலன்ஸ் இங்கே வந்து திரும்ப மூன்று மணித்தியாலம், காரில் ஒன்றே முக்கால். கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன், கறுப்பு ஈக்கள் காதுக்குள் போயின. கடைசியில் அவள் ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் வெறும் காலுறையுமாக எழுந்து வந்து ஏறினாள், சாய்ந்து இருக்கமாட்டாளாம், கதிரையை நேராக்கு என்றாள்.

இப்போது மண் தெரு முடிந்து தார்த் தெருவில் போகிறோம். இரண்டு பக்கமும் காடு, அதற்குள் எங்கேயோ அந்தப் பீப்பா, அதை நோக்கி மெல்ல நடந்து வருகிற ஒன்று. வருத்தமாகத்தான் இருக்கிறது, இந்த நேரத்திலும் இப்படி வருத்தப்படுகிற என்னை எனக்கு விநோதமாக இருக்கிறது. டெனிஸ் யன்னலைப் பாதி இறக்கி முகத்தைக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறாள். "எப்ப கண்டனீ?" என்கிறாள். நேற்று என்கிறேன், நடந்து போகும்போது, மரத்தில் சாய்ந்து நின்றாயே, அப்போது. "நேற்று மூண்டு மணி." கணக்குப் பார்க்கிறாள். "ஒரு நாள் முழுக்க வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறாய். அந்த விதியோ? டெக்னீஷியன் சொல்லக்கூடாது எண்டது?" ஓம் என்றால் போதும். அது உண்மையும்கூட, பாதி உண்மை. அவள் நம்புவாள், நானும் கொஞ்ச நாளில் நம்பிவிடுவேன். "இல்லை," என்கிறேன். "சொன்னால் கரடியைப் பாக்கேலாது." தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறேன். ஒரு லொறி எதிரே வந்து போகிறது. நான் காத்திருக்கிறேன், இறக்கி விடு என்பாள், பிள்ளைப்பேற்று அறையில் டொக்டர்களை ஏசின மாதிரி ஏசுவாள். "எனக்கு மாசியிலேயே தெரியும்," என்கிறாள் டெனிஸ். "சொன்னால் சீசனை நிப்பாட்டச் சொல்லுவினம்." யன்னலை மேலே ஏற்றுகிறாள். இடது கையை நெஞ்சில் வைத்து, மற்றக் கையால் என் கதிரையின் விளிம்பைப் பிடிக்கிறாள். "கொஞ்சம் வேகமாப் போ, மலா."